பின்பக்கத்துப் பொட்டு

சம்பள ஸ்லிப் இருக்கிறதா என்று ஷோரூம்காரன் கேட்டபோது அவன் கண் செண்பகத்தின் முகத்தில் இல்லை, அவள் கக்கத்தில் இடுக்கியிருந்த துணிப்பையில் இருந்தது. கும்மிடிப்பூண்டி பஜாரில் ஏசி போட்ட கடை. அம்மாவும் மகளும் உள்ளே வந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும், உட்காருங்கள் என்று சொல்ல ஒரு நாதியில்லை. டெஸ்க்டாப் வாங்க வந்திருக்கிறோம், தவணை வேண்டாம், கையில் ரொக்கம் இருக்கிறது என்று பூமிகா தெளிவாகத்தான் சொன்னாள். எவ்வளவு என்று கேட்டான். சொன்னாள். மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தான். அந்தத் தொகைக்கு டேப்லெட்தான் வரும், பாப்பா பாட்டு கேட்கலாம், படம் பார்க்கலாம் என்றான். அது பிடிக்காவிட்டால் ஸ்லிப் காட்டுங்கள், மாதத் தவணையில் லேப்டாப் தருகிறோம் என்றான். கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறவளுக்கு ஏது ஸ்லிப்? மாதம் பிறந்தால் சூப்பர்வைசர் கவரில் போட்டுக் கொடுப்பதை வாங்கி ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு வருவதுதான் சம்பளம். மூன்று வருஷம் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவளைப் பார்த்துப் பாப்பா பாட்டு கேட்கலாம் என்கிறானே, இவன் நாக்கில் என்னத்தை வைத்துத் தேய்க்கலாம் என்று செண்பகத்துக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. வாயைக் கொடுத்து வம்பை வாங்கிக்கொண்டு வராதே என்று புருஷன் ஆதிகேசவன் காலையிலேயே சொல்லித்தான் அனுப்பியிருந்தான். அவள் வாயைத் திறப்பதற்குள் பூமிகா கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள்.

பூமிகாவுக்கு வேண்டியது பாட்டுப் பெட்டி இல்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் அச்சுகள் செய்கிற சின்னப் பட்டறை வைத்திருக்கும் வசந்தகுமார், தன்னிடம் இருக்கிற பழைய காகித வரைபடங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்து தர ஆள் தேடிக்கொண்டிருந்தார். என் ஷெட்டில் உட்கார இடம் கிடையாது, சொந்தமாக சிஸ்டம் இருந்தால் வீட்டிலேயே செய்து கொடு, ஒண்ணாம் தேதியிலிருந்து வேலை தருகிறேன் என்று சொல்லியிருந்தார். சிஸ்டம் இல்லையென்றால் அவர் அடுத்த ஆளைப் பார்ப்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் பூமிகா திரும்பவும் செல்போன் பாகம் செய்கிற கம்பெனியின் லைனில் போய் நிற்க வேண்டியதுதான். ஏற்கெனவே ஒரு தடவை நின்று பார்த்தாயிற்று. எட்டு மாதம், நைட் ஷிஃப்ட், உட்கார ஸ்டூல் கிடையாது. காலையில் கம்பெனி பஸ் வந்து ரோட்டோரம் இறக்கிவிட்டால் வீட்டுக்கு நடந்து வரத் தெம்பில்லாமல் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். கணுக்கால் இரண்டும் உப்பிப்போயிருக்கும். இன்ஜின் படம் வரையப் படித்த கையால் நாள் முழுக்க ஒரே ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தேன் என்று ஒரு நாள் சொன்னாள், அழாமல்தான் சொன்னாள். அன்றைக்கே செண்பகம் ஏலச்சீட்டில் சேர்ந்துவிட்டாள். சீட்டை எடுத்த பணம்தான் இந்தத் துணிப்பையில் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அந்த ஷோரூம்காரன் மூக்கால் சிரித்தான்.

பஸ் பிடித்துப் புதுவாயலில் வந்து இறங்கினார்கள். கல்கத்தா ஹைவேயில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. பூமிகா கூடப் படித்தவள் ஒருத்தி சொன்ன கடை, பஞ்சர் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவில் குறுகலாக இருந்தது. பழைய கம்ப்யூட்டர்களைச் சரிபார்த்து விற்கிற கடை. கடைக்காரன் மோகன்ராஜுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவர்களைப் பார்த்ததும் எழுந்து இரண்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"உக்காருக்கா. வெயில்ல வந்துகிறீங்க, மொதல்ல டீ சாப்புடுங்க. அப்பால பாக்கலாம்" என்றான்.

அந்த ஒரு வார்த்தைக்கே செண்பகத்தின் கோபம் பாதி இறங்கிவிட்டது. என்ன தொகை வைத்திருக்கிறீர்கள் என்று அவன் முதலில் கேட்கவில்லை, என்ன வேலைக்கு என்று கேட்டான். பூமிகா சொல்லச் சொல்ல அவன் முகத்தில் ஒரு சுறுசுறுப்பு வந்தது. புதிதாக வாங்கினால் நம் பட்ஜெட்டில் வெறும் டைப் அடிக்கிற மெஷின்தான் வரும், வரைகிற வேலைக்குப் பழைய கம்பெனி மெஷின்தான் சரி, ஆபீசில் வாங்கும்போதே கனமான ஐட்டமாக வாங்கியிருப்பார்கள், ரேம் மட்டும் கூட்டிக்கொண்டால் ஐந்தாறு வருஷத்துக்கு அசையாது என்றான். ஒரு கறுப்புக் கேபினட்டைத் தூக்கி மேசைமேல் வைத்துப் பக்கத்துத் தகட்டைக் கழற்றி உள்ளே காட்டினான். பூமிகா தலையை உள்ளே விடாத குறையாகக் குனிந்து எதையெதையோ கேட்டாள். எந்தத் தலைமுறை ப்ராசசர், ஹார்டு டிஸ்க்கா எஸ்எஸ்டியா, கிராஃபிக்ஸ் கார்டு போட இடம் இருக்கிறதா. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் சேர்த்து அவன் சொன்ன விலை பைக்குள் அடங்கியது. அடங்கியதோடு ஒரு சின்ன மேசைக்கும் மிச்சம் இருந்தது. பூமிகா தான் கொண்டுவந்த பென்டிரைவைச் செருகி, கல்லூரியில் வரைந்த ஒரு பல்சக்கரத்தைத் திறந்தாள். மவுஸை நகர்த்த நகர்த்த அது திக்காமல் திணறாமல் சுற்றியது. அவள் திரும்பி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துச் செண்பகத்துக்கு எத்தனை மாதம் ஆயிற்று! வாங்கிவிட வேண்டியதுதான் என்று பையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.

இன்டர்நெட் ஒயர் செருகுகிற இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மோகன்ராஜ் கேபினட்டை அரைவட்டமாகத் திருப்பினான். பின்பக்கம் செண்பகத்தின் முகத்துக்கு நேராக வந்தது. ஃபேன் சுற்றுகிற ஓட்டைகளுக்குக் கீழே தகட்டில், தூசியோடு தூசியாகக் காய்ந்துபோன ஒரு பொட்டு. மஞ்சள் வட்டம், நடுவில் குங்குமம், அதற்குக் கீழே நகத்தால் இழுத்த மாதிரி சின்னதாக ஒரு கோடு. செண்பகத்தின் கை முடிச்சிலேயே நின்றுவிட்டது.

அது அவள் வைத்த பொட்டு. சிப்காட்டில் இரும்புக் குழாய் செய்கிற ஒரு கம்பெனியின் ஆபீசில் கூட்டிப் பெருக்குகிற வேலை அவளுக்கு. வருஷா வருஷம் ஆயுதபூஜை அன்று ஆபீசில் இருக்கிற அத்தனை கம்ப்யூட்டருக்கும் அவள்தான் பொட்டு வைப்பாள். இத்தனை பெரிய ஃபேக்டரிக்கும் சேர்த்து ஒரு சின்னச் சந்தனப் பொட்டலம் வாங்கிக் கொடுப்பார்கள் அந்தப் புண்ணியவான்கள். அது லேத் மெஷினுக்கே பத்தாது. அதனால் அவள் வீட்டிலிருந்து மஞ்சள்தூள் கொண்டுபோய்க் குழைத்துக்கொள்வாள். சந்தனம் உதிர்ந்துவிடும், மஞ்சள் விடாது. முதல் வருஷம் முன்பக்கம் வைத்தபோது அட்மின் ஆபீசர் துளசிராமன் வள்ளென்று விழுந்தார். கஸ்டமர் வருகிற இடத்தில் இப்படி அப்பி வைத்தால் அசிங்கமாக இருக்கும், பின்னால் வைத்துத் தொலை என்றார். அன்றிலிருந்து அத்தனை மெஷினையும் நகர்த்திப் பின்பக்கம்தான் வைப்பாள். கீழே இழுத்த கோடு, ஊர் பொன்னியம்மனுக்குக் கரகம் ஜோடிக்கும்போது அவள் வீட்டில் இழுக்கிற கோடு. ஆபீசில் வேறு யாருக்கும் அந்த வழக்கம் கிடையாது.

சரி, கம்பெனி பழைய மெஷினை விற்றிருக்கிறது, அதிலென்ன என்று விட்டுவிடலாம்தான். விட முடியாது. ஆபீசில் புது மெஷின் வந்தபோது பழைய பன்னிரண்டையும் கம்பெனி தானம் செய்தது. யாருக்கு? செண்பகத்தின் ஊர் நடுநிலைப் பள்ளிக்கூடத்துக்கு. போன பொங்கலுக்கு முன்னால் விழா வைத்தார்கள். பேனர் கட்டினார்கள். சேர் போட்டுப் பெருக்கித் துடைத்ததே செண்பகம்தான். பெஞ்சின் மேல் மெஷின்களை வரிசையாக வைத்து, பிள்ளைகளை அதற்குப் பின்னால் நிறுத்தி, கைதட்டச் சொல்லி, முதலாளி நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். போட்டோக்காரன் கிளம்பியதும் துளசிராமன் மெஷின்களைத் திரும்ப வேனில் ஏற்றச் சொன்னார். சாஃப்ட்வேர் ஏற்ற வேண்டும், ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றார். அதை நம்பி ஹெட்மிஸ்ட்ரஸ் மணியம்மாள் ஒரு வகுப்பறையைக் காலி செய்தார். பெற்றோர்களிடம் வசூல் செய்து கிரில் கதவு போட்டார். செண்பகமும் கொடுத்தாள். சுவரில் கம்ப்யூட்டர் அறை என்று பெயின்டில் எழுதினார்கள். எழுதியது எழுதியபடி இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. வழியில் பார்க்கும்போதெல்லாம், உன் கம்பெனிதானே, கொஞ்சம் கேட்டுச் சொல்லு செண்பகம் என்பார் டீச்சர். ஒரு நாள் தயங்கித் தயங்கித் துளசிராமனிடம் கேட்டாள். அதெல்லாம் உனக்கு எதற்கு, பாத்ரூம் கழுவியாச்சா என்றார் அந்த மனுஷன். அன்றைக்குக் கூனிக்குறுகிப் போய் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். தான்தான் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டோம் என்றுகூட நினைத்தாள்.

செண்பகம் ஸ்டூலிலிருந்து எழுந்து சுவரோரம் அடுக்கியிருந்த மற்ற கேபினட்களிடம் போனாள். ஒவ்வொன்றாகத் திருப்பினாள். இன்னும் நான்கில் பொட்டு இருந்தது.

"இத எங்க வாங்கின நைனா?" என்று கேட்டாள்.

மோகன்ராஜ் மறைக்கவில்லை. சிப்காட் கம்பெனி ஐட்டம், லாட்டாக எடுத்தது, ஏழு விற்றாயிற்று, அதனால்தான் இந்த விலைக்குக் கொடுக்க முடிகிறது என்று பெருமையாகவே சொன்னான். யாரிடம் எடுத்தாய் என்றதற்கும் துளசிராமன் சார் என்று பளிச்சென்று பதில் வந்தது. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துத்தான் அவன் முகம் மாறியது. செண்பகம் விழாவைச் சொன்னாள், வேனைச் சொன்னாள், கிரில் கதவைச் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் ஏறிக்கொண்டே போனது. பஞ்சர் கடைக்காரன் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தான். ஸ்கூல் ஐட்டம் என்று சத்தியமாகத் தெரியாது, நானும் காசு கொடுத்துத்தான் வாங்கினேன் என்றான் மோகன்ராஜ். போனை எடுத்துக்கொண்டு பிரியாணிக் கடைப் பக்கம் ஒதுங்கிப் போய்ப் பேசினான்.

பூமிகா அம்மாவின் தோளைத் தொட்டாள்.

"ம்மா, ஒண்ணாந்தேதி வர்றதுக்கு இன்னும் நாலு நாள்தான்கீது. இந்த ஒண்ண மட்டும் வாங்கிக்கினு போயிரலாம். மீதிய அப்பால பேசு."

அவள் கேட்டதில் தப்பு என்ன இருக்கிறது? ஆனாலும் செண்பகத்துக்குச் சுருக்கென்றது. இந்தப் பெண்ணும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். அங்கே கம்ப்யூட்டர் பாடம் என்றால் கரும்பலகையில் படம் வரைந்து, இது மானிட்டர், இது மவுஸ் என்று அம்புக்குறி போடுவார்கள். பாலிடெக்னிக்கில் சேர்ந்த முதல் வாரம், மவுஸை மேசையில் வைத்து நகர்த்த வேண்டும் என்று தெரியாமல் கையில் தூக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்து வகுப்பே சிரித்தது என்று வந்து சோறு தின்னாமல் படுத்துக் கிடந்தாள். அதெல்லாம் மறந்துவிட்டதா என்று கேட்க நினைத்தாள் செண்பகம். மகளின் கணுக்கால்கள் கண்ணில் பட்டன. கேட்கவில்லை.

மோகன்ராஜ் திரும்பி வந்து, சார் பேச வேண்டுமாம் என்று போனை நீட்டினான். துளசிராமனின் குரல் அவள் இதுவரை கேட்டறியாத குழைவோடு வந்தது. எப்படி இருக்கிறாய் செண்பகம், பெண்ணுக்கு சிஸ்டம் வேண்டுமென்றால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்றார். இத்தனை வருஷத்தில் அவளுக்கு ஒரு பெண் இருப்பது இவருக்குத் தெரியும் என்பதே இன்றைக்குத்தான் செண்பகத்துக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்து விஷயம் மேலிடத்து விஷயம், உனக்குப் புரியாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கடைசியில், அந்த மெஷினை எடுத்துக்கொண்டு போ, காசு கொடுக்க வேண்டாம், மோகனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

இலவசம். சீட்டுப் பணம் முழுக்க அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போகலாம். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் மனசு அந்தப் பக்கம் சாய்ந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அப்புறம்தான் அந்தக் குழைவு செருப்பால் அடித்த மாதிரி உறைத்தது. ஷோரூம்காரனாவது அவளைக் காசில்லாதவள் என்றுதான் நினைத்தான். இந்த ஆள் விலைக்குக் கிடைப்பவள் என்று நினைத்துவிட்டானே. அதுவும் எதைக் கொடுத்து? அவள் ஊர்ப் பிள்ளைகளின் பொருளைத் திருடி, அதையே அவளுக்குப் பிச்சையாகப் போடுகிறான்!

"சார், எம் பொண்ணுக்கு வேணும்னா நான் காசு குடுத்து வாங்குவேன். இது எங்கூரு பசங்களோடது. அவங்களக் கை தட்டச் சொல்லி நீங்க போட்டோ எடுத்துக்கினது."

குழைவு அப்படியே போய்விட்டது. திங்கட்கிழமை வேலைக்கு வர வேண்டாம், கான்ட்ராக்டரிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றார். போனை மோகன்ராஜிடம் கொடுத்துவிட்டாள். இரண்டு சம்பளம் இருந்த வீட்டில் இனிமேல் ரோலிங் மில்லில் ஆதிகேசவன் வாங்குகிற ஒன்றுதான். வாயைக் கொடுத்தாயே என்று அவன் கேட்கப்போவது இப்போதே காதில் விழுந்தது. கேட்கட்டும்.

பூமிகா கடையை விட்டு வெளியே போய், ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைப்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. செண்பகம் அவளைக் கூப்பிடவில்லை. தன் போனை எடுத்து மணியம்மாள் டீச்சரைக் கூப்பிட்டாள். டீச்சருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், குட்டியானை வண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வருகிற பெற்றோர்களையும் கூட்டிக்கொண்டு உடனே கிளம்புகிறேன், ஒன்றையும் வெளியே விடாதே என்றார். செண்பகம் மற்ற நான்கு கேபினட்டையும் கடையின் நடுவுக்கு இழுத்தாள். அவற்றை ஒட்டித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் டப்பு போட்டு வாங்கினதுக்கா. எனக்கு யார் தருவாங்க?" என்றான் மோகன்ராஜ். அவன் கண் கலங்கியிருந்தது. வந்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு டீ கொடுத்தவன். அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை, பாவம் என்றுதான் இருந்தது, அதற்காக எழுந்திருக்கவும் முடியாது.

"யாராண்ட குடுத்தியோ அவராண்ட கேளுப்பா. நானும் கூட வந்து கேக்கறேன்" என்றாள்.

அவன் கல்லாவின் பின்னால் போய் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான். வெயில் படி தாண்டி உள்ளே வந்தது. கடைக்கு வந்த ஓர் ஆள், தரையில் பொம்பளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். வாசலில் லாரி எதுவும் போகாத கொஞ்ச நேரத்தில் பஞ்சர் கடையின் கம்ப்ரசர் ஓடுவது கேட்டது.

பூமிகா உள்ளே வந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். திரையில் பல்சக்கரம் அவள் விட்டுப்போன சாய்வில் அப்படியே நின்றிருந்தது. மவுஸைத் தொட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு அதை மூடினாள். பென்டிரைவை எடுத்துக்கொண்டாள். மெஷினை நிறுத்தி, உள்ளே ஃபேன் ஓய்கிறவரை காத்திருந்தாள். ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். கேபினட்டை இரண்டு கையாலும் தூக்கி வந்து, அந்த நான்கின் பக்கத்தில் ஐந்தாவதாக வைத்தாள்.

"மீதி ஏழு யாராண்ட வித்தன்னு எழுதிக் குடுங்கண்ணா" என்றாள் மோகன்ராஜிடம். அவள் குரல் கரகரத்திருந்தது.

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்த நேரத்தில் ஹைவேயிலிருந்து ஒரு வெள்ளைக் கார் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பி, கடை வாசலில் மண் பறக்க வந்து நின்றது. துளசிராமன் வந்துபோகிற கார், கண்ணாடியில் குழாய்க் கம்பெனியின் ஸ்டிக்கர். செண்பகம் எழுந்திருக்கக் கையை ஊன்றினாள். அதற்குள் பூமிகா வாசலுக்குப் போய்விட்டாள். பவர் ஒயரை உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றிக்கொண்டே படியில் உட்கார்ந்து, குறுகலான அந்த வாசலின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரைக்கும் காலை நீட்டிக்கொண்டாள். கார்க் கதவு திறந்தது. அவள் ஒயரைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.